டிக்கெட் போட்டாச்சு, அந்த நாட்டைப் பற்றி வாசித்தாச்சா?

போன மாதம் மட்டும் தெரிந்தவர்கள் மூன்று பேர் வியட்நாம் போவதாகச் சொல்லி என்னிடம் விவரம் கேட்டார்கள். விசா எப்படி எடுப்பது, எவ்வளவு பணம் மாற்றுவது, சைவச் சாப்பாடு கிடைக்குமா. எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் "போறதுக்கு முன்னாடி என்ன வாசிக்கலாம்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில், வியட்நாமின் சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) பிறந்த ஓர் ஆயா இருக்கிறார். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இங்கிருந்து அங்கே வேலைக்குப் போனவர். 1975இல் ஆட்சி மாறியதும் வீடு வாசலை விட்டுவிட்டுக் குடும்பமே புதுச்சேரிக்குத் திரும்பிவிட்டது. முன்பு நான் வியட்நாம் போகிறேன் என்றதும் ஆயா கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, கத்தினா தெருவ மட்டும் பாத்துட்டு வா" என்றார். வரைபடத்தில் தேடினேன். அப்படி ஒரு தெருவே இல்லை.

அப்புறம்தான் வாசிக்க உட்கார்ந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'ரூ கத்தினா'. அவர்கள் போன பிறகு தென் வியட்நாம் அரசு அதைச் 'சுதந்திரம்' என்று பொருள்படும் 'து யோ' என மாற்றியது. 1975இல் போரில் வென்று வந்த வடக்குக் கம்யூனிஸ்டுகள் 'தோங் கொய்' என்று வைத்தார்கள். மக்கள் ஒன்றுசேர்ந்து கிளர்ந்தெழுவது என்று அர்த்தம். மூன்று ஆட்சியும் அந்த ஒரு தெருவின் பெயர்ப் பலகையில் இருக்கிறது. ஆயாவோ முதல் பெயரோடு நின்றுவிட்டார்.

வாசிக்க வாசிக்க நம் ஊரும் கூடவே வந்தது. இரண்டுமே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இடங்கள்தானே. 1954 மே 7 அன்று தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை வியட்நாமியரிடம் தோற்றது. அதே வருடம் அக்டோபர் 18 அன்று நம் புதுச்சேரிக் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. கீழூர் பற்றிப் பள்ளியிலேயே படித்துவிட்டேன். தியன் பியன் ஃபூ என்ற பெயரைக் கேள்விப்பட எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. நமக்கு வாக்கெடுப்போடு முடிந்தது. அவர்களுக்கு அந்த ஜூலையிலேயே ஜெனீவாவில் நாடு 17ஆம் அட்சரேகையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, 1975 ஏப்ரல் 30 வரை ரத்தம் ஓடியது.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சைகோனிலிருந்து, அமெரிக்கப் படையை எதிர்த்த கெரில்லாக்கள் ஒளிந்திருந்த கூ சி சுரங்கங்களைப் பார்க்க வேனில் போனோம். வழிகாட்டிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் குழுவில் ஒருவர் உற்சாகமாக, "உங்க அப்பா எத்தனை அமெரிக்கர்களைச் சுட்டார்?" என்று கேட்டார். அவர் லேசாகச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெற்கில் எத்தனையோ குடும்பங்கள் தோற்ற பக்கம் நின்றவை என்று வாசித்திருந்ததால் எனக்குப் பகீர் என்றது. காபி குடிக்க இறங்கியபோது பக்கத்தில் போய், "உங்கள் குடும்பம் தெற்குப் பக்கமா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கிளாஸிலிருந்த ஐஸை ரொம்ப நேரம் ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: அப்பா தென் வியட்நாம் ராணுவத்தில் இருந்தவர். போர் முடிந்ததும், தோற்ற பக்கத்தவரை அடைத்துவைத்த 'மறுகல்வி முகாமுக்கு' அனுப்பப்பட்டு மூன்று வருடம் கழித்துத்தான் வீடு வந்தார். ஏப்ரல் 30 அங்கே தேசிய விடுமுறை. அவர்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் அதிகம் பேசுவதில்லையாம்.

நம் பெருமைக்கும் இந்த வாசிப்பு தேவை. மத்திய வியட்நாமில் உள்ள மி சோன் செங்கல் கோயில்களைச் 'சோழர்கள் கட்டியது' என்று வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். இல்லை. அவை அங்கே இருந்த சாம் மக்களின் பழைய நாடான சாம்பாவின் அரசர்கள் தங்கள் மண்ணில் சிவனுக்கு எழுப்பியவை. சாம் மக்கள் இன்றும் வியட்நாமில் வாழ்கிறார்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல கோபுரங்கள் சிதைந்தன. சிவன் நமக்கும் சொந்தம் என்று சந்தோஷப்படலாம், அடுத்தவர் உழைப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, பழசை மட்டும் வாசித்துவிட்டுப் போனாலும் தப்புத்தான். அங்கே பாதிக்கும் மேற்பட்டவர்கள் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். ஹோட்டல் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் போரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தால் அவள் என்ன செய்வாள்? 1986இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட நாடு அது. காபி ஏற்றுமதியில் உலகில் இரண்டாம் இடம். அந்த நாட்டு வின்ஃபாஸ்ட் நம் தூத்துக்குடியில் மின்சாரக் கார் தொழிற்சாலை போட்டிருக்கிறது. 2025 ஜூலையில் 63 மாகாண நிர்வாகங்களை 34 ஆகச் சேர்த்துவிட்டார்கள், பழைய வழிகாட்டிப் புத்தகத்தின் வரைபடமே மாறிப்போயிற்று. கிளம்பும் முன் ஒரு மாதம் அவர்களுடைய ஆங்கிலச் செய்தித்தாளைத் தினமும் பத்து நிமிடம் இணையத்தில் பாருங்கள், போதும்.

நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு வந்து மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்களைப் பார்த்து நமக்கு வருத்தமாக இருக்கிறதே. 1761இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியதும், அதன்மேல் நாம் திரும்பக் கட்டி எழுந்ததும் அவர்களுக்குத் தெரியாது. அதே வருத்தத்தை இன்னொரு ஊருக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

திரும்பி வந்ததும் ஆயாவிடம் தோங் கொய் தெருவைக் கைபேசியில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். புதுக் கட்டடங்கள் எதுவும் பிடிபடவில்லை. பழைய நாடக அரங்கின் வளைவு வந்ததும் திரையில் விரலை வைத்து நிறுத்தினார். "இதுக்கு எதிர்லதான் எங்கப்பா சைக்கிள நிறுத்துவாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நெம் சாப்டியா? அதோட கீரை புதினால்லாம் இன்னும் தட்டு நெறைய வைக்கிறாங்களா?" என்று கேட்டார். வைக்கிறார்கள் ஆயா, தட்டு நிறைய.