இரண்டு மதிப்பெண்

போன வாரம் நண்பன் ஒருவன் அழைத்தான். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் என்றே நடக்கும் சிறப்புப் பள்ளி ஒன்றில் அவன் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டே மதிப்பெண்ணில் போய்விட்டது. வீடு எழவு வீடு மாதிரி இருக்கிறதாம். "அவ்வளவுதானாடா? இனிமே இவன் விஞ்ஞானி எல்லாம் ஆக முடியாதா?" என்று கேட்டான். ஏதோ சமாதானம் சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு வகுப்புக்குள் இடம் கிடைத்துப் போனவன் நான். உள்ளே போனதால்தான் இயற்பியலை விட்டேன்.

முதலில் அந்த இரண்டு மதிப்பெண் விவகாரம். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளிகள் உண்டு. அதில் ஒன்றான பிராங்க்ஸ் சயன்ஸ் 1938இல் தொடங்கியது. அங்கே படித்தவர்களில் ஒன்பது பேர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள். ஸ்டீவன் வைன்பர்க்கும் ஷெல்டன் கிளாஷோவும் அங்கே ஒரே வகுப்பு. 1950இல் பள்ளியை முடித்தார்கள். 1979இல் அப்துஸ் சலாமுடன் சேர்ந்து இயற்பியல் நோபலையும் பகிர்ந்துகொண்டார்கள். இதைப் படிக்கும் எந்த அப்பாவுக்கும் கை பரபரக்கத்தான் செய்யும்.

ஆனால் அப்துல்காதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பதக் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இந்தப் பள்ளிகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கட்-ஆஃபுக்கு மயிரிழை மேலே இருந்து உள்ளே போனவனுக்கும் மயிரிழை கீழே இருந்து வெளியே நின்றவனுக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. அப்படியானால் சில வருடம் கழித்து அவர்களுடைய தேர்வு மதிப்பெண்கள் எப்படி இருந்தன? ஏறக்குறைய ஒரே மாதிரி. நன்றாக ஓடும் குதிரைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்ட லாயம், பந்தய வெற்றியையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதை வைத்து அந்தப் பள்ளிகளே வீண் என்று சொல்லிவிட முடியாது. இந்த ஆய்வு கோட்டருகே நின்றவர்களைப் பற்றியது. அது அளந்ததும் தேர்வு மதிப்பெண்ணைத்தான். நாற்பது வயதில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை இல்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் ஜூலியன் ஸ்டான்லியிடம் போக வேண்டும். அவர் 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு வேலையைத் தொடங்கினார். கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதும் சாட் தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்து, அதில் அசத்தியவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்வது. அவருக்குப் பிறகு அதைத் தொடர்ந்தவர்கள் கண்டது இது: ஒரு வகுப்பைத் தாண்டிக் குதித்து மேலே போனவர்கள், அதே திறமை இருந்தும் குதிக்காதவர்களைவிடப் பிற்காலத்தில் அறிவியல் ஆராய்ச்சியில் கூடுதலாகச் சாதித்திருந்தார்கள். அப்புறம் இன்னொன்று. ஒரு பொருளை மனசுக்குள் திருப்பிப் பார்க்கும் திறமையும், யார் காப்புரிமை வாங்குவார், யார் ஆய்வுக் கட்டுரை எழுதுவார் என்பதை முன்கூட்டிக் காட்டியது. பெரும்பாலான நுழைவுத் தேர்வுகள் அந்தத் திறமையைச் சோதிப்பதே இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். பத்தாவது வரைக்கும் நான்தான் வகுப்பில் முதல். பதினொன்றில் சிறப்பு வகுப்பில் போட்டார்கள். நாற்பது பேர். முதல் தேர்வில் என் ரேங்க் 31. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், நான் படம் வரைந்து விசைகளைக் குறித்து முடிப்பதற்குள் கணக்கை மனசிலேயே போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். கர்வம் இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம், அவன் நல்லவன் வேறு. இரண்டு வருடம் அவனைப் பார்த்துப் பார்த்து, இயற்பியல் நமக்கு வராது என்று முடிவு செய்தேன். யாரும் சொல்லவில்லை, நானே முடிவு செய்தேன். கல்லூரியில் புள்ளியியல் எடுத்தேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, இயற்பியல் எடுத்த பலரைவிட எனக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. அதற்குள் பஸ் போய்விட்டது.

கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலேயே இதற்குப் பெரிய மீன், சிறிய குளம் என்று பெயர் வைத்துவிட்டார். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் இருப்பவன் தன்னை மட்டமாக எடைபோடுவான். பள்ளிக்கு வெளியே அவன் யார் என்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. எந்தத் துறைக்குப் போவது என்று முடிவெடுக்கும் வயதும் அதுதான் என்பது கொடுமை. புள்ளியியலில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் என் துறையைத் தேர்ந்தெடுத்தது நானா, சுவரில் ஒட்டிய ரேங்க் பட்டியலா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

ஈரானில் பிறந்த கணித மேதை மரியம் மிர்சாகானியே இந்தப் பள்ளத்தில் விழப் பார்த்தவர்தான். தெஹ்ரானில் ஃபர்சானேகான் என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவிகளுக்கான பள்ளியில் சேர்ந்த முதல் வருடம், இவளுக்குக் கணிதத்தில் தனித் திறமை ஒன்றும் இல்லை என்று நினைத்தார் ஆசிரியர் ஒருவர். அந்தப் பெண்ணும் கணிதத்தில் ஆர்வத்தை விட்டுவிட்டாள். அடுத்த வருடம் வேறு ஆசிரியர், தட்டிக்கொடுத்தார். 1994இலும் 1995இலும் பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச கணித ஒலிம்பியாட் போட்டியில் தங்கம். இரண்டாவது முறை முழு மதிப்பெண். 2014இல், கணிதத்தின் நோபல் என்று சொல்லப்படும் ஃபீல்ட்ஸ் பதக்கத்தை வாங்கிய முதல் பெண். அதே பள்ளி, அதே பெண். நடுவில் மாறியது ஓர் ஆசிரியர்.

புடாபெஸ்டில் லாஸ்லோ ராட்ஸ் என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். பின்னாளில் கணித மேதையான ஜான் வான் நாய்மனுக்கும் இயற்பியலாளரான யூஜீன் விக்னருக்கும் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். சிறுவன் நாய்மனுக்குத் தன்னால் சொல்லித்தருவது போதாது என்று புரிந்ததும், பல்கலைக்கழக ஆட்களிடம் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எத்தனை ஆசிரியர்களுக்கு அந்த மனசு வரும்?

அந்தச் சிறப்பு வகுப்பில் எனக்கும் ஒருவர் வாய்த்தார். திங்கட்கிழமை கரும்பலகையின் மூலையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுப் போவார், வெள்ளிக்கிழமை வரை அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. விடை தெரியாமல் நாலு நாள் நிம்மதியாக இருக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். அங்கே படித்த சூத்திரங்களில் பாதி மறந்துவிட்டது. இன்று என் வேலையில் கைகொடுப்பது அந்த நாலு நாள் பழக்கம்தான்.

கவிஞன் ஆகப்போகிறேன் என்று பள்ளியை விட்டு நின்ற ஜூன் ஹு 2022இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினாரே என்று யாராவது கமென்ட்டில் வருவீர்கள். வாருங்கள். ஆனால் அது லாட்டரி. லாட்டரியை நம்பி யாரும் பாடத்திட்டம் போட முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது டென்மார்க் கதை. 1980களில் அங்கே மேல்நிலைப் பள்ளியில் உயர் கணிதம் எடுத்தால் கூடவே இயற்பியலும் எடுத்தாக வேண்டும். சில பள்ளிகளில் மட்டும் சோதனையாக, இயற்பியலுக்குப் பதில் வேதியியல் எடுக்கலாம் என்று விட்டார்கள். புதுக் கட்டடம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. பாடச் சேர்க்கையில் ஒரு தளர்வு, அவ்வளவுதான். யோன்சன், நீல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் பின்னால் கணக்குப் பார்த்தார்கள். அந்தத் தளர்வால் உயர் கணிதம் எடுத்தவர்களின் பிற்கால வருமானம் கூடியிருந்தது, பெரும்பாலும் மேல்படிப்புக்குப் போனதால். அமெரிக்காவிலும் 1983க்குப் பிறகு பல மாநிலங்கள் பள்ளியில் கட்டாயக் கணிதப் பாடங்களைக் கூட்டின. அதனால் கறுப்பின மாணவர்களின் பிற்கால வருமானம் உயர்ந்தது என்று ஜோஷுவா குட்மன் காட்டியிருக்கிறார். அது உயர் கணிதம்கூட இல்லை, சாதாரணக் கணிதம்.

கணிதம் படிக்கட்டு மாதிரி. பதினாறு வயதில் ஒரு படியை விட்டால், பதினெட்டில் பொறியியல், பொருளாதாரம், கணினி என்று நாலைந்து கதவுகள் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். சிறப்புப் பள்ளி இல்லாவிட்டால் போகட்டும். போகிற பள்ளியில் அந்தப் படி இருக்கிறதா, அதில் ஏற விடுகிறார்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இதையெல்லாம் சொல்லலாம் என்று நேற்று நண்பனை அழைத்தேன். பையன்தான் எடுத்தான். "எந்தக் கணக்குலடா அந்த ரெண்டு மார்க் போச்சு?" என்று கேட்டேன். எட்டுக்கு எட்டு சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டிவிட்டால், மிச்சத்தை இரண்டு கட்ட நீளமுள்ள அட்டைகளால் மூட முடியுமா என்ற கேள்வியாம். முடியும் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறான்.

"முடியாது மாமா. வெட்டின ரெண்டும் ஒரே நிறம். ஒவ்வொரு அட்டையும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளையை மூடும். வீட்டுக்கு வந்ததும் புரிஞ்சிடுச்சு. ஆனா வேற ஒண்ணு இருக்கு. ஒரு கறுப்பு, ஒரு வெள்ளைன்னு எங்க வேணா வெட்டினா எப்பவும் மூட முடியுமா? முப்பது பலகை வரைஞ்சு பாத்துட்டேன், முடியுது. ஏன்னு தெரியல. நீங்க சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. அதற்குள் அவன் அப்பா போனைப் பிடுங்கி, அடுத்த வருட நுழைவுத் தேர்வுக்கு எந்தக் கோச்சிங் நல்லது என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.