தண்ணீர் ஏறுவது ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறும், காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதற்கு அதுவே நிரூபணம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். சோதனை அருமையானது. விளக்கம்தான் தப்பு. (நானும் பள்ளியில் இப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன்!)

தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். சுடர் எரியும்போது பெரிதாக அசைவதில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென ஏறுகிறது. ஆக்சிஜன் செலவாவதுதான் காரணம் என்றால் எரியும்போதே சீராக ஏறியிருக்க வேண்டுமே? உண்மையில் சூட்டில் காற்று விரிகிறது. டம்ளரின் விளிம்பில் சில சமயம் குமிழி வெளியேறுவதே தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் நீராகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வையுங்கள், இன்னும் அதிகம் ஏறும். காற்றிலுள்ள ஆக்சிஜனா மூன்று மடங்காகிவிட்டது?

தவிர, ஆக்சிஜன் முழுக்கத் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடத்தைக் கார்பன் டை ஆக்சைடு பிடித்துக்கொள்கிறது.

அந்த ஐந்தில் ஒரு பங்கைக் காட்டியே ஆகவேண்டுமென்றால், துருப்பிடிக்கும் சாதா இரும்பு நாரை வினிகரில் நனைத்து உதறி, சோதனைக் குழாயின் அடியில் திணித்துத் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். பளபளக்கும் ஸ்டீல் நார் வேலைக்கு ஆகாது. துருப்பிடிக்கும் இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறும். ஓரிரு நாள் பொறுக்க வேண்டும்.