வர்ஜிலுக்கு முன்பே லத்தீன் இலக்கியம் உண்டு

"லத்தீன் இலக்கியமே வர்ஜிலில்தான் தொடங்குகிறது, அதற்கு முன் இருந்ததெல்லாம் கிரேக்கக் காப்பி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லைங்க. ரோமானியக் காவியக் கவிஞரான வர்ஜில் பிறந்தது கி.மு. 70இல். லத்தீனில் எழுதிய லீவியஸ் ஆந்த்ரோனிகஸின் நாடகம் ரோமில் மேடையேறியதோ கி.மு. 240இல்! ஹோமரின் ஒடிசியை லத்தீனாக்கியவரும் அவரே. முதல் வரியிலேயே கிரேக்கரின் கவிதைத் தேவதையான மியூஸைக் கூப்பிடாமல், 'கமேனா' என்ற ரோமானிய ஊற்றுத் தேவதையை அழைக்கிறார். யாப்பும் சாட்டர்னியன் என்ற உள்ளூர்ப் பழைய லத்தீன் யாப்புதான். இதைப் போய்க் காப்பி என்றால் எப்படி? கிரேக்கத்தின் அறுசீர் யாப்பை லத்தீன் காவியத்துக்குக் கொண்டுவந்தவர் பிறகு வந்த கவிஞர் என்னியஸ். வர்ஜில் எழுதியதும் அதே யாப்பில்தான். லத்தீனில் நகைச்சுவை நாடகங்கள் எழுதிய பிளாட்டஸ் கிரேக்க நாடகங்களிலிருந்து கதையை எடுத்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் எஜமானனையே ஏய்க்கும் அவருடைய அடிமைகளின் வாயில் வருவது துள்ளலான பேச்சு லத்தீன். அவருடைய சுமார் 20 நாடகங்கள் இன்றும் கிடைக்கின்றன, ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்களேன்.