அத்தானின் இரட்டை வேடம்

(சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு கோப்பி கடை. காக்கி உடை, தலைப்பாகை சகிதம் பரமசிவம் தே குடித்துக்கொண்டிருக்கிறார். மனைவியின் தங்கை மீனா காய்கறிப் பையோடு வருகிறாள்.)

மீனா: அத்தான்! நீங்களா இது? ராஃபிள்ஸ் ஓட்டல் வாசலில் கதவு திறக்கிற வேலைக்கு எப்போது சேர்ந்தீர்கள்? அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

பரமசிவம்: கிண்டல் பண்ணாதே. சமூக மன்றத்தில் இன்றைக்கு தேசிய தின விருந்து. எங்கள் குழு பழைய போர்க் காட்சியை நடித்துக் காட்டப் போகிறது.

மீனா: சரி, சரி. பஞ்சாபி சிப்பாயா?

பரமசிவம்: இல்லை. ஜப்பானிய சிப்பாய்.

மீனா: தலைப்பாகை கட்டின ஜப்பானியரா?

பரமசிவம்: முழுசாகக் கேள். 1942 பிப்ரவரி 14, பாசிர் பாஞ்சாங் பக்கம் புக்கிட் சண்டு. மேட்டில் பிரிட்டிஷ் தரப்பின் மலாய் ரெஜிமெண்ட் காவல் இருக்கிறது, கீழேயிருந்து ஜப்பானியர்கள் பஞ்சாபிப் படை மாதிரி உடுத்திக்கொண்டு நைசாக ஏறி வந்தார்களாம். மலாய் ரெஜிமெண்ட் லெப்டினண்ட் அட்னான் சைடி பார்த்தார். நம் பக்கத்து ஆட்கள் என்றால் மும்மூன்று பேராக நடக்க வேண்டும், இவர்கள் என்ன நான்கு நான்கு பேராக வருகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். உடனே சுடச் சொன்னார். அதில் முதல் வரிசையில் சாகிறவன் நான்.

மீனா: அதாவது, ஒரு தமிழர் ஜப்பானியராக நடிக்கிறார், அந்த ஜப்பானியர் பஞ்சாபியாக நடிக்கிறார். இதில் என் அத்தான் எங்கே இருக்கிறார்?

பரமசிவம்: தொப்பையில். அது ஒன்றுதான் சொந்தம்.

மீனா: உங்களை ஏன் ஜப்பானியர் பக்கம் போட்டார்கள்?

பரமசிவம்: குழுவில் தலைப்பாகைக்குப் பொருந்துகிற முகம் என்னுடையது மட்டும்தானாம். எங்கள் தலைவர் பித்தானைக்கூட எண்ணுகிற மனிதர். கைக்கடிகாரத்தைக் கழற்று, கண்ணாடியைக் கழற்று, அந்தக் காலத்தில் இந்த மாதிரி ஃபிரேம் கிடையாது என்கிறார். கண்ணாடி இல்லாமல் ஒத்திகையில் மன்றத்து தோட்டக்காரரைக் குறி வைத்துவிட்டேன், பாவம் அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

மீனா: துப்பாக்கி?

பரமசிவம்: மரம். அசல் மாதிரி இருந்தால் போலீஸ் அனுமதி அது இது என்று ஆயிரம் இருக்கிறது. அதெல்லாம் பரவாயில்லை, என் காலைத்தான் கட்டுப்படுத்த முடியவில்லை. என்.எஸ். என்கிற தேசிய சேவை, அப்புறம் வருஷக்கணக்கில் ரிசர்விஸ்ட், எல்லாம் மும்மூன்றாக நடந்து பழகிய கால். இப்போது நான்காக நடக்கச் சொன்னால், பத்து அடி போனதும் தானாக மூன்றாவது ஆள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. 'பரமு, ஒழுங்காகத் தப்பாக நட!' என்று தலைவர் கத்துகிறார்.

மீனா: ஒழுங்காகத் தப்பாக! இருக்கட்டும், விருந்து என்றால் பத்து பேர் உட்காரும் வட்ட மேசைகள் நெருக்கி நெருக்கிப் போட்டிருப்பார்களே. நான்கு பேர் எப்படி ஒன்றாக நடப்பீர்கள்?

பரமசிவம்: (தே கிளாசைக் கீழே வைக்கிறார்.) ஐயையோ.

மீனா: நடுவில் ஒருவர்தான் போக முடியும். நீங்கள் ஒருவர் பின் ஒருவராக, எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ என்று போனால் அட்னான் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? அப்புறம் புக்கிட் சண்டுவை நீங்களே பிடித்துவிடுவீர்கள். அதிர்ஷ்டக் குலுக்கல் நடந்துகொண்டிருக்கும், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

பரமசிவம்: மேடை மேலேயே நடக்கலாமா?

மீனா: அங்கே கரவோக்கே பெட்டி இருக்கும். நான் கேட்கிறேன், இவ்வளவு கஷ்டப்பட்டு ஊரார் வேஷம் எதற்கு? 1943 ஜூலை 5-இல் இதே சிங்கப்பூரில், பாடாங் திடலில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்டார். அந்தப் படையில் சேர்ந்த எத்தனையோ பேர் மலாயா தோட்டங்களில் பால் மரம் வெட்டிய நம் ஆட்கள். அதைப் போட்டால் தலைப்பாகையும் வேண்டாம், நடையும் உங்களுக்குத் தெரிந்த நடையாக இருக்கும்.

பரமசிவம்: தலைவருக்கும் ஆசைதான், ஆனால் அதைப் போட்டால் ஜான்சி ராணிப் படையையும் போட வேண்டும் என்கிறார். அந்த வருஷம் அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் பயிற்சி முகாமே திறந்தார்கள். இங்கே டாக்டராக இருந்த கேப்டன் லட்சுமிதான் தலைமை. பெண்கள் வேண்டுமே! நீ வருகிறாயா?

மீனா: நானா? சாப்பாடு உண்டா?

பரமசிவம்: உண்டு. ஆனால் அந்தப் பெண்கள் நிறைய பேர் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். நம் தலைவர் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்.

மீனா: இடுப்பு வரை வளர்த்த முடியையா? விக் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

பரமசிவம்: விக்கா! பித்தானை எண்ணுகிறவர் ஒத்துக்கொள்வாரா?

மீனா: உங்கள் தொப்பையை விட்டவர் என் விக்கையா பிடிக்கப் போகிறார்?