யாருடைய ஆயுள்?

சித்தப்பா: நம்ம ஃபோட்டோ எடிட் சாஃப்ட்வேர் இந்த மாதமும் பணம் எடுத்துவிட்டது பாப்பா.

நான்: நம்ம சாஃப்ட்வேர் இல்லை சித்தப்பா, அவர்கள் சாஃப்ட்வேர். பணம் மட்டும்தான் நம்மது.

சித்தப்பா: எட்டு வருஷமாகக் கட்டுகிறேன். வாடகை வீடாக இருந்தால்கூட வீட்டுக்காரர் இதற்குள் ஒரு தடவை வெள்ளையடித்துக் கொடுத்திருப்பார்.

நான்: இவர்களும்தான் அடிக்கிறார்களே. நாம் பழகி முடித்த நேரம் பார்த்து எல்லா பட்டனையும் இடம் மாற்றி வைக்கிறார்கள்.

சித்தப்பா: அதற்குப் பேர் அப்டேட். சரி, போன வாரம் ஏதோ சொன்னாயே, ஒரே தடவை கட்டினால் போதும், ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று?

நான்: ஆமாம். ஆயுள்கால உரிமம் என்று போட்டிருப்பார்கள்.

சித்தப்பா: அங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். யாருடைய ஆயுள்?

நான்: என்னது?

சித்தப்பா: எனக்கு 63 நடக்கிறது. உனக்கு 26. இரண்டு பேருக்கும் ஒரே விலை என்றால் அது என்ன நியாயம்?

நான்: ஆளுடைய ஆயுள் இல்லை சித்தப்பா.

சித்தப்பா: உன் பேரிலேயே வாங்கிவிடுவோம். முப்பது நாற்பது வருஷம் கூடுதலாக வரும்.

நான்: நாம் இன்ஷூரன்ஸ் எடுக்கவில்லை. அது அந்த வெர்ஷனுடைய ஆயுள். வாங்கிய வெர்ஷன் எப்போதும் உங்களிடம் இருக்கும். அடுத்த வெர்ஷன் வேண்டுமென்றால் திரும்பப் பணம்.

சித்தப்பா: வெர்ஷன் எத்தனை வயது வரை உயிரோடு இருக்கும்?

நான்: கம்ப்யூட்டரையும் கேமராவையும் நீங்கள் மாற்றாத வரைக்கும்.

சித்தப்பா: கேமரா என்ன பாவம் செய்தது?

நான்: கேமரா பதிவு செய்கிற பதப்படுத்தாத மூலப் படம்தான் ரா ஃபைல். ஒவ்வொரு மாடலும் அதைத் தன் பாணியில் எழுதும். நாளைக்கு வருகிற கேமராவின் ஃபைலை இன்றைய வெர்ஷனுக்குப் படிக்கத் தெரியாது. அப்போது புது வெர்ஷன் வாங்கவேண்டும். இல்லையென்றால் ஃபோட்டோஷாப் கம்பெனியான அடோபி இலவசமாகக் கொடுக்கிற டிஎன்ஜி கன்வர்ட்டரில் போட்டு டிஎன்ஜி என்கிற பொதுவான ரா வகைக்கு மாற்றி, பழையதிலேயே திறந்து பார்க்கலாம்.

சித்தப்பா: ஆக, ஒரே தடவை என்பது ஒரே தடவை இல்லை.

நான்: ஒவ்வொரு தடவையும் ஒரே தடவை.

(இதை விற்பவர்களின் விளம்பரத்தில் யாரும் போடமாட்டார்கள். சந்தாவைத் திட்டுகிற உற்சாகத்தில் நாமும் சொல்ல மறந்துவிடுகிறோம். ஆனாலும் அந்த "திரும்பப் பணம்" எப்போது என்று முடிவு செய்வது நாம். அவ்வளவுதான் வித்தியாசம், அது சின்ன வித்தியாசம் இல்லை.)

சித்தப்பா: அந்தக் காலத்தில் இப்படியா? பெட்டியில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். என் சிடி இன்னும் பரணில் பத்திரமாக இருக்கிறது.

நான்: பெட்டிக் காலம் 2013 மே மாதத்தோடு போயிற்று. இனிமேல் சந்தாதான், 2012-இல் வந்த சிஎஸ்6 என்கிற ஃபோட்டோஷாப் வரிசைக்கு அப்புறம் பெட்டி கிடையாது என்று அடோபி அறிவித்தது. அவர்களுடைய இன்னொரு ஃபோட்டோ சாஃப்ட்வேரான லைட்ரூம் மட்டும் 2015-இல் ஆறாவது வெர்ஷன் வரை ஒரே தடவை விலையில் கிடைத்தது. 2017 முடிவில் அதற்கும் அப்டேட்டை நிறுத்தினார்கள். மற்ற கம்பெனிகளும் வரிசையாகச் சந்தாவை ஆரம்பித்தன, நீங்கள் கட்டுகிற கம்பெனி உட்பட.

சித்தப்பா: என் சிடி இப்போதும் ஓடும்.

நான்: ஓடட்டும். எதில் ஓட்டுவீர்கள்? உங்கள் லேப்டாப்பில் சிடி போடுகிற வாயே இல்லை.

சித்தப்பா: அப்படியென்றால் சிடியின் ஆயுள் அந்த வாயின் ஆயுள்.

நான்: முதலில் ஒன்று சொல்லுங்கள். இந்த எட்டு வருஷமாக அதில் என்ன செய்கிறீர்கள்?

சித்தப்பா: எடிட்.

நான்: எடிட் என்றால்?

சித்தப்பா: கிராப் பண்ணுவேன். கொஞ்சம் வெளிச்சம் ஏற்றுவேன். அப்புறம் கலருக்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறது, அதை ஏற்றுவேன்.

நான்: அப்புறம்?

சித்தப்பா: ஏற்றினது அதிகமோ என்று இறக்குவேன்.

நான்: இந்த ஏற்ற இறக்கத்துக்கு இதுவரை 96 தவணை. எத்தனை படம் முடித்திருக்கிறீர்கள்?

சித்தப்பா: முடிப்பது என்றால்?

நான்: பிரின்ட் போட்டது, யாருக்காவது அனுப்பியது, இனிமேல் இதைத் தொடமாட்டேன் என்று விட்டது.

சித்தப்பா: ஏழு. அந்த மீன்கொத்தி முடிந்தால் எட்டு.

நான்: 96-ஐ ஏழால் வகுத்தால் ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட 14 மாதச் சந்தா. அந்த மீன்கொத்தி மூன்று வருஷமாக வாயில் மீனோடு உட்கார்ந்திருக்கிறது. அதை விழுங்கவாவது விடுங்கள்.

சித்தப்பா: முதுகில் நீலம் இன்னும் சரியாக வரவில்லை.

நான்: சரி, மாற்று சொல்கிறேன். கிம்ப் என்று ஒரு எடிட் சாஃப்ட்வேர் இருக்கிறது. 1996-இலிருந்து இருக்கிறது, முழுக்க இலவசம். 2025 மார்ச்சில் மூன்றாம் வெர்ஷன்கூட வந்துவிட்டது.

சித்தப்பா: இலவசம் என்றால் ஏதாவது குறை இருக்கும்.

நான்: மாதாமாதம் கட்டுகிறீர்களே, அதில் குறை இல்லையா?

சித்தப்பா: இருக்கிறது. ஆனால் அது காசு கொடுத்து வாங்கின குறை.

நான்: கிம்ப்பிலும் குறை உண்டு. ரா ஃபைலை அது தனியாகத் திறக்காது. துணைக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபி என்கிற ரா சாஃப்ட்வேர் வேண்டும். இரண்டும் இலவசம்.

சித்தப்பா: டார்க் டேபிள். இருட்டு மேசை. பேரிலேயே ஒன்றும் தெரியாது போலிருக்கிறதே.

நான்: படங்களைப் பரப்பிவைத்துப் பொறுக்குகிற இடம் லைட்டேபிள், எடிட் பண்ணுகிற இடம் டார்க்ரூம். இரண்டையும் ஒட்டிப் பேர் வைத்திருக்கிறார்கள்.

சித்தப்பா: மேசை கிடக்கட்டும். அதில் அந்த பட்டன் எங்கே இருக்கும்?

நான்: எந்த பட்டன்?

சித்தப்பா: வலது பக்கம், மேலிருந்து இரண்டாவது. அமுக்கினால் எல்லாம் நன்றாக ஆகிவிடும்.

நான்: "ஆட்டோ" என்று எழுதியிருக்குமே, அதுவா?

சித்தப்பா: பேர் படித்ததில்லை. இடம் தெரியும்.

நான்: இதுதான் சித்தப்பா விஷயம். நீங்கள் சாஃப்ட்வேருக்கு வாடகை கட்டவில்லை, உங்கள் கை பழகியதற்கு வாடகை கட்டுகிறீர்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு ஏன் பாதி விலையில் கொடுக்கிறார்கள்? பாசமா? விரல் அங்கே பழகட்டும், மீதியை வேலைக்குப் போனபின் வசூலிக்கலாம் என்றுதான். எல்லா ஷார்ட்கட்டும் விரலில் ஏறிய பிறகு எவன் வெளியே போவான்?

சித்தப்பா: (கொஞ்ச நேரம் விரலைப் பார்த்துவிட்டு) எனக்கு ஷார்ட்கட் எதுவும் தெரியாதே.

நான்: அப்படியென்றால் உங்களுக்கு மறக்கவேண்டிய பட்டன் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் கொடுத்துவைத்தவர்.

சித்தப்பா: வேறென்ன இருக்கிறது?

நான்: அஃபினிட்டி என்று இன்னொரு எடிட் சாஃப்ட்வேர். சந்தா கிடையாது என்பதையே பெருமையாகச் சொல்லி ஒரே தடவை விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 2024 மார்ச்சில் கேன்வா என்கிற ஆன்லைன் டிசைன் கம்பெனி அவர்களை வாங்கியது. 2025 அக்டோபரில் இலவசமாகவே ஆக்கிவிட்டார்கள். கேன்வாவில் ஒரு கணக்கு வேண்டும். ஏஐ வேலைகள் மட்டும் வேண்டுமென்றால் கேன்வாவுக்குச் சந்தா.

சித்தப்பா: அப்போ செப்டம்பரில் ஆயுள்கால உரிமம் வாங்கினவன்?

நான்: அவன் வெர்ஷன் அவனிடம் இருக்கிறது.

சித்தப்பா: அவன் ஆயுள்?

(முன்பின் தெரியாத அந்த மனிதர் நலமாக இருக்கிறார் என்று நான் உறுதி கொடுக்கவேண்டியதாயிற்று.)

நான்: பொழுது சாய்கிற நேரத்தில் நீங்கள் எடுக்கிற படங்களில் மணலை அள்ளித் தூவினது மாதிரி நாய்ஸ் விழுகிறதே, அதை எடுப்பதில் டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் என்கிற சாஃப்ட்வேருக்கு நல்ல பேர். ஒரே தடவை விலை. கேப்சர் ஒன் என்கிற சாஃப்ட்வேரையும் அப்படி வாங்கலாம், ஆனால் வாங்கினபின் வருகிற புது வசதிகள் அதில் சேராது.

சித்தப்பா: அதிலெல்லாம் அந்த பட்டன்?

நான்: சித்தப்பா.

சித்தப்பா: சரி சரி. எனக்கு வேறொரு பயம். சந்தாவை நிறுத்தினால் மீன்கொத்தி போய்விடுமே.

நான்: எங்கே போகும்? ரா ஃபைல் உங்கள் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. சாஃப்ட்வேர் அதைத் தொடுவதே இல்லை. "இவ்வளவு வெளிச்சம் ஏற்று, இந்த ஓரத்தை வெட்டு" என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைக்கும், சமையல் குறிப்பு மாதிரி. அந்தக் குறிப்பை இன்னொரு சாஃப்ட்வேரால் முழுதாகப் படிக்க முடியாது. சிக்கல் அங்கேதான்.

சித்தப்பா: உன் சித்தி எழுதி வைக்கிற குறிப்பு மாதிரியா?

நான்: அச்சு அசலாக. "தேவையான அளவு" என்று எழுதியிருப்பார். எவ்வளவு என்று சித்திக்கு மட்டும்தான் தெரியும். அதில் 40 என்று வைத்த ஸ்லைடர் இதில் 40 இல்லை.

சித்தப்பா: எட்டு வருஷம் ஏற்றி இறக்கினது எல்லாம் வீணா?

நான்: முடித்த ஏழையும் எந்த எடிட் சாஃப்ட்வேரும் திறக்கிற 16 பிட் டிஃப் ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணிவிடுங்கள், பண்ணின வேலை படத்தோடு சேர்ந்து வந்துவிடும். நட்சத்திரம், குறிச்சொல் இதையெல்லாம் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எக்ஸ்எம்பி என்கிற குறிப்பு ஃபைலில் எழுதச் சொன்னால் அவையும் பெரும்பாலும் புது வீட்டுக்கு வந்துவிடும். ஐந்து நட்சத்திரம் போட்டதை மட்டும் முதலில் மாற்றுவோம். அப்படி எத்தனை?

சித்தப்பா: எல்லாம்.

நான்: எல்லாமா?

சித்தப்பா: எடுத்தவன் நான்தானே.

நான்: லேப்டாப்பைக் கொடுங்கள். முதலில் சந்தாவை நிறுத்துவோம்.

சித்தப்பா: மாதத் தவணைதான். இந்த மாதத்தோடு முடிந்தது.

நான்: "ஆண்டு ஒப்பந்தம், மாதத் தவணை" என்று இருக்கிறது. நடுவில் போனால் அபராதம்.

சித்தப்பா: ஆண்டு என்று எங்கே இருக்கிறது?

நான்: இதோ, உங்கள் மீன்கொத்தியின் கண்ணைவிடச் சின்னதாக. ஊர் உலகத்தில் இல்லாதது இல்லை. இதே மாதிரி ஒப்பந்தத்தில் அபராதத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மேல் வழக்கே போட்டது.

சித்தப்பா: என் சார்பில் யார் போடுவார்கள்?

நான்: கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கு வருஷம் முடிய ஒன்பது நாள்தான் இருக்கிறது. இப்போதே தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிட்டால் அபராதம் இல்லை. அமுக்குகிறேன்.

சித்தப்பா: "நிச்சயமாகப் போகிறீர்களா?" என்று கேட்கிறது.

நான்: ஆமாம் என்று போடுகிறேன்.

சித்தப்பா: "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்கிறது.

நான்: ஏதோ ஒரு காரணத்தை அமுக்குகிறேன்.

சித்தப்பா: "இருந்தால் இரண்டு மாதம் இலவசம்." பாப்பா, என் பையன் வீட்டை விட்டுப் போனபோது நான்கூட இத்தனை தடவை கேட்கவில்லை. என்னை எவ்வளவு மதிக்கிறார்கள் பார்.

நான்: எட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் மதிக்கிறார்கள். இந்த இரண்டு மாதத்தை வாங்கினால் அதன் பின்னாலேயே பன்னிரண்டு மாதம் வரும். முடிந்தது, அணைத்துவிட்டேன். இப்போது டார்க்டேபிளை இறக்கியிருக்கிறேன். இதோ உங்கள் மீன்கொத்தி.

சித்தப்பா: இது யாருடைய மீன்கொத்தி?

நான்: உங்களுடையதுதான்.

சித்தப்பா: இந்த நீலம் அந்த நீலம் இல்லையே.

நான்: ராவிலிருந்து நிறம் எடுக்க ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு கணக்கு. போதாக்குறைக்கு அதன் முதுகில் இருப்பது சாயமே இல்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் சிதறித் தெரிகிற நீலம். அதை விடுங்கள். நேரில் பார்த்தபோது எந்த நீலமாக இருந்தது?

சித்தப்பா: நேரில் எங்கே பார்த்தேன்? நான் கேமராவுக்குள் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுத்தான் முதலில் பார்த்தேன்.

நான்: எந்த சாஃப்ட்வேரில்?

சித்தப்பா: அதில்தான்.

நான்: ...

சித்தப்பா: ஒன்பது நாள் இருக்கிறது என்றாயே?

நான்: மூன்று வருஷமாக முடிக்காததை ஒன்பது நாளில் முடிப்பீர்களா?

சித்தப்பா: அப்போது கெடு இல்லையே. எழுந்திரு, நாற்காலியைக் கொடு.