உருளைக்கிழங்கு உரிக்கும் டெல்ஃபின் செரிக்

2022-இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய வாக்கெடுப்பில் இயக்குநர் சாந்தல் ஆக்கர்மனின் 'ழான் தீல்மன்' (1975) உலகின் தலைசிறந்த படமாகத் தேர்வானது. அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. மூன்று மணி இருபது நிமிடம் ஒருத்தி அடுப்படியில் வேலை செய்வதைப் பார்ப்பதற்குப் பெயர் சினிமாவா என்கிறது ஒரு தரப்பு. இருபத்து நான்கு வயதில் இப்படி ஒரு படத்தை எடுத்த ஆக்கர்மனைப் போல உண்டா என்கிறது மறு தரப்பு. நான் ஆக்கர்மன் கட்சிதான். ஆனால் இந்த வாக்குவாதத்தில் அந்த மூன்று மணி இருபது நிமிடமும் திரையில் இருக்கிற பெண்ணின் பெயர் அபூர்வமாகவே அடிபடுகிறது என்பதில் எனக்கு ஆற்றாமை உண்டு. அந்தப் படத்தில் சரிபாதி டெல்ஃபின் செரிக்குக்குச் சொந்தம் என்பது என் வாதம்.

படத்தின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஒரு விதவை. பள்ளியில் படிக்கும் மகன். வீட்டு வேலைகளுக்கு நடுவே தினமும் பிற்பகலில் ஓர் ஆண் வந்து போகிறான். அவன் தரும் பணத்தைச் சாப்பாட்டு மேசை மேலிருக்கும் பீங்கான் சூப் பாத்திரத்தில் போட்டு மூடி வைக்கிறாள். மூன்று நாட்கள் காட்டப்படுகின்றன. முதல் நாள் எல்லாம் கடிகாரம்போல நடக்கிறது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது.

அந்த இடத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடக்கிறார் செரிக். பிறகு கடைக்குப் போய்க் கிழங்கு வாங்கி வந்து, உட்கார்ந்து, உரிக்கிறார். கேமரா அசையாது. பின்னணி இசை கிடையாது. முகத்தில் அழுகையோ கோபமோ எதுவும் எழுதி ஒட்டப்படவில்லை. ஆனால் கத்தி முந்தைய நாள் போல ஓடவில்லை. வேகமெடுக்கிறது, தயங்குகிறது, மறுபடி ஓடுகிறது. ஒரு மனுஷி உள்ளுக்குள் சரியத் தொடங்குவதை நாம் அந்தத் தோலின் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறோம். மாலையில் மகன் வந்து, தலை கலைந்திருக்கிறதே என்கிறான். நமக்கு அது முன்பே தெரியும். பணப் பாத்திரத்தை அவர் மூட மறந்ததையும் பார்த்துவிட்டோம். கண்ணீர் விடுவதையும் உரக்கப் பேசுவதையும் வைத்து நடிப்பை எடைபோட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி ஒரு நல்ல வைத்தியம்.

இது தானாக அமைந்ததும் இல்லை. படப்பிடிப்பின்போது நடிகர் சாமி ஃப்ரே எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் செரிக் ஆக்கர்மனைத் துளைத்தெடுக்கிறார். இதை ஏன் செய்கிறாள், எந்த வேகத்தில் செய்கிறாள், அப்போது மனத்தில் என்ன ஓடுகிறது? ஆக்கர்மன் சில நேரம் பதில் சொல்லத் திணறுகிறார். நியூயார்க்கில் 'ஆக்டர்ஸ் ஸ்டூடியோ' என்ற நடிப்புப் பயிற்சிக்கூடத்தில் பயின்றவர் செரிக். காரணம் தெரியாமல் கையை அசைக்க அவரால் முடியாது. காரணத்தை வெளியே காட்டக் கூடாது என்பது இயக்குநரின் பிடிவாதம். இரண்டு பிடிவாதமும் மோதியதில்தான் அந்த நடிப்பு பிறந்தது என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்டவரை அதற்கு முன் பிரெஞ்சு சினிமா எப்படி வைத்திருந்தது? 1932-இல் பெய்ரூட்டில் பிறந்தவர். அப்பா ஆன்றி செரிக் தொல்லியல் அறிஞர். லெபனான், நியூயார்க், பிரான்ஸ் என்று வளர்ந்ததால் பிரெஞ்சைப் போலவே ஆங்கிலமும் அவருக்குச் சரளம். அலன் ரெனே இயக்கி 1961-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வென்ற 'மரியன்பாத்' படம் அவரை ஒரே நாளில் உச்சிக்குக் கொண்டுபோனது. ஷனேல் தைத்த உடைகள், இறகு அங்கி, கத்தரித்த கருங்கூந்தல், மியூனிக் அரண்மனைகளின் நீண்ட கூடங்கள். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. அத்துடன் அந்தக் குரல்: கொஞ்சம் கரகரத்து, இழுத்து, வாக்கியத்தின் கடைசியில் சற்றே மேலேறும் குரல். இரண்டே ஆண்டுகளில் ரெனேயின் அடுத்த படமான 'ம்யூரியல்'-இல் நரை தட்டத் தொடங்கிய, பதற்றம் நிறைந்த ஒரு பழம்பொருள் வியாபாரியாக நடித்து வெனிஸில் சிறந்த நடிகை விருதும் வாங்கினார். ஆனால் சிலை, மர்மம், தேவதை என்று போட்ட முத்திரை போட்டதுதான். அழகான பெண் ஒருமுறை சிலையாக நின்றுவிட்டால் அப்புறம் அவளை உட்காரவும் விடமாட்டார்கள்.

1968-இல் இயக்குநர் த்ரூஃபோவின் 'திருட்டு முத்தங்கள்' படத்தில் ஒரு காட்சி வருகிறது. செருப்புக் கடையில் வேலை பார்க்கும் இளைஞன் முதலாளியின் மனைவியைப் பார்த்துச் சொக்கிப் போகிறான். அவள் காபி கொடுத்துப் பேச்சுக் கொடுக்க, பதற்றத்தில் "ஆமாம் சார்" என்று உளறிவிட்டு ஓட்டமெடுக்கிறான். மறுபடி அவளே அவன் அறைக்கு வந்து, தான் ஒரு தோற்ற மயக்கம் இல்லை, ஒரு பெண் என்று நிதானமாக விளக்குகிறாள். அந்த மனைவி செரிக். எழுதியவர்கள் ஆண்கள். ஆனாலும் அந்த வசனத்தை அவர் சொல்லும்போது சொந்தக் கணக்கு ஒன்றைத் தீர்ப்பதுபோலத்தான் எனக்குக் கேட்கிறது.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளை நம் ஊர் சினிமாக் கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன: 'பின்னாளில் பெண்ணியச் செயல்பாட்டில் ஈடுபட்டார்'. ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு என்று நினைப்பார்கள் படிப்பவர்கள்! பிரான்ஸில் கருக்கலைப்பு சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. 1971 ஏப்ரல் 5 அன்று, நானும் கருக்கலைப்பு செய்துகொண்டவள் என்று 343 பெண்கள் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எழுத்தாளர் சிமோன் த போவுவாரும் நடிகை கத்ரீன் தெனவும் இருந்த அந்தப் பட்டியலில் செரிக்கும் இருந்தார். அடுத்த ஆண்டு பாதுகாப்பான கருக்கலைப்பு முறை ஒன்றைச் செய்து காட்டப் பாரிஸில் தன் வீட்டையே திறந்துவிட்டார். 16 வயதுச் சிறுமி மீது கருக்கலைப்புக்காக வழக்குத் தொடுத்த புகழ்பெற்ற போபிஞ்யி வழக்கில் சாட்சி சொன்னார். சிறைக்குப் போகக்கூடிய காரியங்கள் இவை. 1975 ஜனவரியில் சட்டம் மாறியதில் இந்தப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்து வீடியோ. பிரான்ஸில் கையடக்க வீடியோ கேமராவை முதலில் கையிலெடுத்தவர்களில் ஒருவர் கரோல் ரூசோபுலோஸ். அவர் பெண்களுக்கு நடத்திய வகுப்பில் செரிக் மாணவியாகப் போய்ச் சேர்ந்தார். புகழின் உச்சியிலிருந்த நட்சத்திரம் கேபிள் சுற்றக் கற்றுக்கொண்டது எனக்கு வெனிஸ் விருதைவிடப் பெரிய செய்தி. இருவரும் சேர்ந்து எடுத்தவற்றில் சில இன்று பார்க்கக் கரடுமுரடாக இருக்கின்றன. சில பொறுமையைச் சோதிக்கின்றன. ஆனால் செரிக் தானே கேள்வி கேட்டு இயக்கிய 'அழகாக இரு, வாயை மூடு' ஆவணப்படத்தை நடிக்க வரும் ஒவ்வொரு பெண்ணும் பார்க்க வேண்டும்.

1976-இல் படமாக்கிய அதில் பிரான்ஸையும் அமெரிக்காவையும் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட நடிகைகள் பேசுகிறார்கள். ஆணாகப் பிறந்திருந்தால் நடிக்க வந்திருப்பீர்களா? இன்னொரு பெண்ணோடு பாசமான காட்சி எதிலாவது நடித்திருக்கிறீர்களா? சாதாரணக் கேள்விகள்தான். பதில் சொல்ல வாய் திறந்தவர்கள் நடுவில் நின்று யோசிக்கிறார்கள். ஹாலிவுட்டில் தன் முகத்தை ஒப்பனைக்காரர்கள் பரிசோதித்த நாளை ஜேன் ஃபோண்டா சொல்கிறார்: கன்னம் ஒட்டித் தெரியத் தாடையை உடைத்துச் சரிசெய்யலாம் என்றார்களாம், மூக்கு நீளம் என்றார்களாம், முடியைப் பொன்னிறமாக்கு, மார்புக்குப் பொய் அணை வை என்றார்களாம். அதைக் கண்ணீர் விடாமல், பழைய வேலையிடத்துக் கதை சொல்வதுபோலச் சொல்கிறார். கறுப்பின நடிகை மெய்டி நார்மன் பேசுவது பணிப்பெண் வேடங்களைப் பற்றி. மரியா ஷ்னைடரும் மனம் திறந்து பேசுகிறார். 2017-இல் ஹாலிவுட் பெண்கள் பாலியல் தொல்லைகளைப் பற்றி ஒருவர்பின் ஒருவராக வாய் திறந்தபோது உலகம் ஆச்சரியப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நடிகை மைக்கை நீட்டிக் கேட்டுவிட்டார், கேட்கத்தான் ஆளில்லை.

இந்தப் பெண்ணிய இயக்கமெல்லாம் அவருடைய திரைவாழ்க்கையைக் கெடுத்துவிட்டது என்று வருந்துகிறவர்களுக்கு 1975 கான் விழாவை நினைவூட்டுகிறேன். அந்த ஒரே விழாவில் மூன்று பெண் இயக்குநர்களின் மூன்று படங்களில் அவர் நாயகி: ஆக்கர்மனின் 'ழான் தீல்மன்', மார்கரித் துராவின் 'இந்தியா சாங்', லிலியான் த கெர்மடெக்கின் 'அலோயிஸ்'. அன்று வேறு எந்த நட்சத்திரம் இப்படிச் செய்தார்? துராவின் படம் 1930-களின் கல்கத்தாவில் நடப்பதாகக் கதை. எடுத்ததோ பாரிஸை ஒட்டிய ஒரு பாழடைந்த மாளிகையில். அந்தக் கல்கத்தாவில் இந்தியர்களைத் தேடாதீர்கள், பிரெஞ்சுக்காரர்களின் புழுக்கம் மட்டும்தான் கிடைக்கும். அந்த எரிச்சலையும் மீறி என்னைக் கடைசிவரை உட்காரவைத்தது, உதடு அசையாமல் நடக்கும் செரிக்கும் வெளியிலிருந்து ஒலிக்கும் குரல்களும்தான்.

1982-இல் ரூசோபுலோஸ், இயோனா வீடர் இருவரோடும் சேர்ந்து பாரிஸில் சிமோன் த போவுவார் ஒலி-ஒளி மையத்தைத் தொடங்கினார். பெண்களின் போராட்டங்களைப் பதிவுசெய்த நாடாக்கள் குப்பைக்குப் போகாமல் காத்த இடம் அது. 1986-இல் ஆக்கர்மனின் 'கோல்டன் எய்ட்டீஸ்' என்ற இசைப்படத்தில் வணிக வளாகத்துத் துணிக்கடைக்காரியாக நடித்தார். பாத்திரத்தின் பெயர் மறுபடியும் ழான். அந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

1990 அக்டோபரில் பாரிஸில் இறந்தபோது அவருக்கு வயது 58. அமெரிக்க மேற்கின் புகழ்பெற்ற சாகசக்காரி கலாமிட்டி ஜேன் தன் மகளுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதங்களை வைத்து ஒரு படம் இயக்க எண்பதுகளில் மொன்டானா வரை போய் வந்திருந்தார். படம் எடுக்கப்படவே இல்லை. அப்போது உடன் சென்ற ஒளிப்பதிவாளர் பாபெத் மாங்கோல்ட், ழான் தீல்மனின் சமையலறையைப் படம்பிடித்த அதே பெண், அந்தப் பயணத்தின் பதிவுகளை வைத்து 2020-இல் ஒரு படம் முடித்திருக்கிறார். அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கே பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.