பீடி பழக்கம் உண்டா?

அப்பா பீடியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டைப் பார்த்த ஒவ்வொரு டாக்டரும் முதலில் கேட்டது அதைத்தான். சளிப் பரிசோதனையில் டி.பி. இல்லை என்று வந்த பிறகும் ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டார். "பெரியவரே, என்ன வேலை பார்த்தீங்க?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

மணலிப் பக்கம் ஆலைகளை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் நேரத்தில் லேகிங் வேலை, அதாவது குழாய்களுக்குச் சூடு காக்கும் உறை மாற்றுவது. எல்லாம் கான்ட்ராக்ட். நீராவிக் குழாய்களில் சுற்றியிருக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸைப் பிய்த்துப் போட வேண்டும். முகத்துக்குத் தோள் துண்டுதான். ராத்திரி வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அந்தச் சட்டையை அம்மாதான் உதறித் துவைப்பார். (அதை அதிகம் யோசிக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன்.)

கடைசியில் கடன் வாங்கி வெளியே சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ஆஸ்பெஸ்டோசிஸ்: ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் தழும்பேறிப்போகும் நோய்.

ஆஸ்பெஸ்டாஸில் வெள்ளை வகையைப் பாதுகாப்பாகக் கையாளலாம் என்பது நம் அரசு பல வருஷமாகச் சொல்லிவரும் கதை. அந்த வகையை, ஆபத்தான ரசாயனங்களின் ஏற்றுமதி இறக்குமதி பற்றிய சர்வதேச ரோட்டர்டாம் ஒப்பந்தத்தின் அபாயப் பட்டியலில் சேர்க்க 2013-இல் எதிர்ப்புச் சொன்ன நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்போ, எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது. பாதுகாப்பாகக் கையாளுவதாம்! தோள் துண்டை வைத்தா?

இதைச் சொன்னால், "அவ்வளவு ஆபத்து என்றால் நோயாளிகள் எங்கே?" என்று கேட்கிறார்கள். சரி, கணக்கு எப்படி ஏறும் என்று பாருங்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவுப்படி, இந்த மாதிரி நோயைக் கண்ட டாக்டர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியிருந்தது. வேலையையே கேட்காதவர் எதை எழுதுவார்? அப்பா கணக்கில் டி.பி.யாகத்தான் இருக்கிறார்.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த நோய் தலைகாட்டவே இருபது, முப்பது வருஷம் ஆகுமே. அதற்குள் அப்பாவுக்கு நாலு கான்ட்ராக்டர் மாறிவிட்டார்கள். யாரிடம் போய்ப் பதிவேடு கேட்பது?

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் லேகிங் பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் வேலையைச் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சண்டை போட்டாவது.

நேற்று டிரங்குப் பெட்டியைத் துழாவியதில் அப்பாவின் பழைய கேட் பாஸ் ஒன்று கிடைத்தது. போட்டோ தெளிவாக இருக்கிறது. கான்ட்ராக்டர் பெயர் இருந்த இடத்தில் மட்டும் 2015 வெள்ளத்தில் மை கரைந்துவிட்டது.